மல்லாட்டை தடவிய வாய்க்கூடு

கடித்தது என் நாய். கடிபட்டவர் எங்கள் கடைக்கு மூட்டை இறக்குகிறவர். இடது கெண்டைக்காலில் பல் பதிந்திருந்தது. நான் கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எழுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழைநாள்.

நாயை நான் அழைத்து வரவில்லை. பண்டசோழநல்லூரிலிருந்து சீர்வரிசை வண்டி கிளம்பியபோது, அண்டா, குத்துவிளக்கு, மெத்தை, கரும்புக்கட்டு என்று எல்லாம் மேலே ஏறியிருக்க, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விழுகிற நிழலுக்குள் அவன் நடந்து வந்திருக்கிறான். வழியில் யார் கண்ணிலும் படவில்லை. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி மாட்டை அவிழ்த்த பிறகுதான் அந்த நிழலிலிருந்து வெளியே வந்து ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தான். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். எதிர்வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பொண்ணு வூட்டுச் சீருல நாயும் கீதேடி!"

அந்தச் சிரிப்புத்தான் அவனைக் காப்பாற்றியது. சீரோடு வந்ததாகத் தெருவே சொல்லிவிட்ட பிறகு அவனைத் திருப்பி அனுப்ப முடியாது. சீரில் ஒரு குண்டான் திரும்பிப் போனாலும் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை அற்றுப்போகும். என் மாமியார் வியாபாரக்காரி. எதைத் திருப்பலாம், எதைத் திருப்பக்கூடாது என்று அவருக்குத் தெரியும். "கெடக்கட்டும், பின்கட்டுல" என்றார்.

மாமனார் காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தன. கல்லாவில் அத்தைதான் உட்காருவார். அரிசி, பொரி, புண்ணாக்கு ஒரு பக்கம். தாம்புக்கயிறு, உறி, மூக்கணாங்கயிறு, வாய்க்கூடு ஒரு பக்கம். என் கணவர் ஒரே பிள்ளை. கடையின் மற்ற வேலையெல்லாம் அவர் கையில். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எடைக்கல் வைப்பது போல ஒவ்வொன்றாக வைப்பார்.

நாய்க்கு மனிதர்கள்மீது வெறுப்பு ஒன்றுமில்லை. பால்காரர் வருவார், வாலை ஆட்டுவான். பிச்சைக்காரர் வருவார், கொட்டாவி விடுவான். தலையில் மூட்டையோடு வருகிற ஆளைக் கண்டால்தான் அவனுக்கு உடம்பெல்லாம் முள்ளாகும். நான் அவன் உயரத்துக்குக் குனிந்து பார்த்திருக்கிறேன். கோணிமூட்டை தலையை மூடித் தோள்வரை தொங்கும்போது அங்கே முகமே இல்லை. இரண்டு கால்கள் மட்டும் ஒரு பெரிய பழுப்புப் பாறையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைகின்றன. நானே அவனாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

கிடங்கு பின்கட்டை ஒட்டி இருந்தது. மூட்டை அந்த வழியாகத்தான் போகவேண்டும். அன்றைக்குப் போன மூட்டை பாதியில் கீழே விழுந்தது. அரிசி கொட்டியது. கடி.

இப்போது நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி ஊசிக்கு ஓடவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு ஊசி என்றால் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரி, தொப்புளைச் சுற்றி, தினமும். அந்த ஊசிக்குப் பயந்தவர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். கடித்த நாயைப் பத்து நாள் பார்ப்பது. நாய் சாகாமல் இருந்தால் மனிதனுக்கு ஒன்றுமில்லை. ஆகவே கடிபட்டவர் தினமும் காலையில் நாயை நலம் விசாரிக்க வருவார்.

மறுநாள் விடிந்ததும் பின்கதவில் குரல் கேட்டது.

"இன்னா தங்கச்சி, உயிரோட கீறானா?"

"கீறான் ணே."

"துன்னானா?"

"துன்னான்."

"தண்ணி? அதான் முக்கியம். அவன் தண்ணியக் கண்டு பயந்தான்னா நான் இங்கயே படுத்துக்க வேண்டியதுதான்."

நான் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். அவர் கதவுக்கு வெளியே குந்திக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, அவன் குடிக்கிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். கோயிலில் மணியோசை கேட்கிறவர் போல இருக்கும். மூட்டை இல்லாத அவரை நாய்க்கும் பிடித்திருந்தது. சட்டிக்கு மேலிருந்து ஒரு கண்ணால் பார்த்து வால் நுனியை மட்டும் அசைப்பான். அன்றைக்கு மூட்டைக்குக் கீழே வந்தவர் இவர்தான் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்த நாட்களில் அவனுக்குக் கிடைத்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்ததில்லை. அத்தையே தயிர்ச்சோறு பிசைந்து எடுத்து வருவார்.

"துன்னுடா. நீ செத்தா அவன் ஆஸ்பத்திரிக்கு நடக்கணும். அவன் நடந்தா எனக்கு மூட்டை எறக்க ஆளில்ல. துன்னு."

கெடு முடிந்தது. நாய் கொழுத்திருந்தது. மூட்டைக்காரர் நிம்மதியாக ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு வந்து அத்தை எதிரில் நின்றார்.

"பெரிம்மா, என் உசுரு எனக்கு வந்துடுச்சி. ஆனா ஒண்ணு. அந்த நாயி இங்க கீற வரிக்கும் நான் தலையில மூட்டை வெச்சிக்கினு பின்கட்டுப் பக்கம் வரமாட்டன். கண்ணு தெரியாம நடக்கறவன் நான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தை கல்லாப் பெட்டியை மூடினார். மண்ணாடிப்பட்டில் ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மில்லில் நாயைச் சங்கிலியில் கட்டினால் கட்டினதுதான். முன்பு இருந்ததன் கழுத்தில் சங்கிலி தேய்ந்த வட்டத்தில் முடியே இல்லை என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

"தை பொறந்து புது அரிசி வந்தா நாளெல்லாம் மூட்டை எறங்கும்" என்றார் அத்தை. "அதுக்குள்ள இந்த நாயி ஒழுங்கா நிக்கக் கத்துக்கணும். இல்லன்னா மில்லு வண்டியில ஏத்திடுவன். பொறந்த வூட்டுக்குத் திருப்பி அனுப்பினாத்தான் பேச்சு. மில்லுக்குக் குடுத்தா யாரும் கேக்கமாட்டாங்க."

எனக்குச் சொல்ல இருந்தது எல்லாம் அவனுக்குள் இருந்தது. எங்கள் கரும்புக் கொல்லையின் வாய்க்கால், அப்பா இருமுகிற சத்தம், நான் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடிய வரப்பு, எல்லாவற்றையும் மோந்து வைத்திருந்த ஒரே மூக்கு வில்லியனூரில் அதுதான். இரவில் அவன் காதின் பின்னால் முகத்தை வைத்தால் இன்னும் கரும்புச் சோகை வாசனை வந்தது. வந்ததாக எனக்கு இருந்தது.

"கடை பூரா வாய்க்கூடு தொங்குது" என்று அத்தையே வழியும் சொன்னார். "நாயிக்கு ஒண்ணு இல்லியா?" பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டா எடு. ஒண்ணு இவளுக்கு. ராவெல்லாம் நாய்கிட்ட இன்னாதான் பேசுவாளோ" என்றார்.

வாய்க்கூடு தென்னை நாரில் பின்னிய சின்னக் கூடை. கன்றுக்குட்டி மண்ணைத் தின்னாமலிருக்க, போரடிக்கிற மாடு கதிரில் வாய் வைக்காமலிருக்க முகத்தில் மாட்டி, கொம்புக்குப் பின்னால் கயிற்றை முடிவார்கள். கடைவாசலின் மேல்சட்டத்தில் அவை கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதற்குக் கீழே குனிந்துதான் யாரும் கடைக்குள் வரவேண்டும்.

நான் கிணற்றடியில் இருந்தபோது அது நடந்தது. என் கணவர் ஒரு கன்றுக்குட்டி அளவு வாய்க்கூட்டை எடுத்துப் போய், நாயைச் சுவரோரம் முழங்காலால் அணைத்து, மூக்கில் மாட்டிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டார். மாட்டுக்குச் செய்வது அப்படித்தான். மாடு தலையை இரண்டு முறை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விடும். அவருக்கு வேறென்ன தெரியும்? ஆனால் மாடு மூக்கால் மூச்சு விடுகிற ஜாதி. நாய்க்கு வேர்வையே நாக்கில்தான். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட முடியாமல் போனால் அதற்கு உலகம் அடைத்துக்கொண்டுவிடும்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். முன்னங்கால்களால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்து, சுவரில் மோதி, விறகுக் குவியலுக்கு அடியில் போய் நுழைந்துகொண்டான். உள்ளிருந்து ஒரு சத்தம். குரைப்பில்லை, அழுகையில்லை. புல்லாங்குழல் ஓட்டையை யாரோ பொத்தினாற்போல. நான் குப்புறப் படுத்துக் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தேன். மூக்கின் மேல்தோல் உரிந்திருந்தது. என் கணவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் கன்னுக்குட்டி கணக்கா நெனச்சிட்டன்" என்றார்.

அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய சங்கடம். ஒரு வாய்க்கூட்டுக்குப் பயந்த நாய், வாய்க்கூடு தோரணம் கட்டிய வீட்டில் எப்படி இருக்கும்? முன்பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டான். காற்றடித்து அவை உரசுகிற சத்தம் வந்தால் போதும், கிணற்றுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வான். தென்னங்கயிறு கையில் இருந்தால் என்னிடம்கூட வரமாட்டான். நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தால் மோந்து பார்த்து யோசிப்பான்.

ஒரு நாள் தயிர்ச்சட்டியைக் கழுவப் போட்டிருந்தேன். ஒடுங்கின கழுத்து. அவன் வந்து தலையை உள்ளே விட்டான். காது வரைக்கும் உள்ளே. சட்டியோடு நகர்ந்தான், தூணில் முட்டிக்கொண்டான், உள்ளே 'சளக் சளக்' என்று நக்குகிற சத்தம். பயமென்பதே இல்லை. நக்கி முடித்தபின் தலையை எடுத்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வெள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் இது வாய்க்கூட்டைவிட இருட்டு, வாய்க்கூட்டைவிட இறுக்கம். ஆனால் சட்டி அவனிடம் போகவில்லை. அவன் சட்டியிடம் போனான். உள்ளே போனதும் அவன் இஷ்டம், வெளியே வந்ததும் அவன் இஷ்டம்.

நாரைக் கண்டாலே ஓடுகிறவனிடம் நாரிலிருந்து தொடங்க முடியாது. பரணில் பழைய இரும்புப்படி ஒன்று கிடந்தது. கிலோக் கணக்கு வந்த பிறகும் பொரியை மட்டும் படியில்தான் அளப்போம். அதற்குக் கடையில் புதுப்படி இருந்தது. இது ஒரு பக்கம் சப்பையானதால் கழித்துப் போட்டது. அதை எடுத்துக்கொண்டேன். மல்லாட்டையை வறுத்து, தோல் ஊதி, அம்மியில் மைபோல அரைத்தேன். எண்ணெய் கக்கும் வரை. ஊரில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே வாயில் ஒரு பருப்பு உடையும். படியின் அடியில் ஒரு விரல் தடவி, என் மடியில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். அவனைக் கூப்பிடவில்லை. படியை அவன் பக்கம் நீட்டவும் இல்லை. அதுதான் கஷ்டம். கை தானாக நீளும். கையை அடக்கவேண்டும்.

முதலில் விளிம்பை நக்கினான். அப்புறம் மூக்கு. அப்புறம் கண் வரைக்கும். அவன் இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே படியை எடுத்து வைத்துவிடுவேன். சலித்துப்போன பிறகு எடுத்தால் அடுத்த நாள் வரமாட்டான் என்று தோன்றியது. நாளாக ஆக, நான் பரண்பக்கம் கண்ணைத் திருப்பினாலே பின்கால்களில் நின்று ஆடத் தொடங்கினான். படி என்றால் அவனுக்கு உலகத்திலேயே நல்ல விஷயம்.

இங்கேதான் நான் கணக்குத் தப்பினேன்.

கார்த்திகை தீபம் வந்தது. பொரி வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. கடைவாசலில் சாக்குச் சாக்காகப் பொரி, பை விரித்துப் பிடித்தபடி தெருவே நின்றது. அத்தை புதுப்படியால் அள்ளி, தலைதட்டி, ஒன்று என்பதற்கு "லாபம்" என்று சொல்லி முதல் படியைக் கொட்டப்போகிறார். பின்கட்டிலிருந்து செம்மண் நிறத்தில் ஏதோ ஒன்று பாய்ந்து வந்தது. அத்தை கையிலிருந்த படிக்குள் அவன் மூக்கு கண் வரைக்கும் இறங்கியது. பொரி நாலாபக்கமும் பறந்தது.

"அய்யய்யோ! படியில வாய் வெச்சிடுச்சி! எம் மகாலச்சுமி படியில நாயி வாய் வெச்சிடுச்சி!"

கூட்டத்தில் ஒரு கிழவர் பையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பரவால்ல பெரிம்மா, அளவு சரியாக் கீதான்னு பாக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. படியை என் காலடியில் வைத்தார், எறியவில்லை, அது இன்னும் மோசம்.

"இன்னாடி பழக்கி வெச்சிருக்க? கடிக்காம இருக்கக் கத்துக்குடுடின்னா கடையையே நக்கக் கத்துக்குடுத்திருக்க."

அவனை இழுத்துக்கொண்டு போகக் குனிந்தேன். அப்போது என் கணவர் கடைக்கு உள்ளேயிருந்து, ஒரு கையில் தராசோடு, மேலே காட்டினார்.

"அம்மா. அது எங்க நின்னிக்கினு கீது பாரு."

பார்த்தேன். வாய்க்கூட்டுக் கொத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தான். இரண்டு மூன்று அவன் தலைக்கு நேர்மேலேயே காற்றில் உரசிக்கொண்டிருந்தன. அவனுக்கு அவை தெரியவே இல்லை. மூக்கில் ஒட்டிய பொரியை நாக்கால் தேடிக்கொண்டிருந்தான்.

அத்தைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. படியைப் புளிபோட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ராத்திரி விளக்கேற்றும்போது இன்னொரு முறையும் என்னைத் திட்டினார். ஆனால் எனக்கும் என் கணவருக்கும் ஒரே விஷயம் ஒரே நேரத்தில் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்தோம்.

மறுநாள் கடை சாத்தியிருந்த மத்தியானத்தில் அவர் பின்கட்டுக்கு வந்தார். கையில் கோணி ஊசியும் வாய்க்கூடு ஒன்றும். இந்த முறை பெரிய அளவு. நாய் கிணற்றுப் பக்கம் போகப் பார்த்தது. அவர் உட்கார்ந்து வாய்க்கூட்டைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இந்தா, வாயத் தொறந்தா எம்மாம் அகலம் வரும் அதுக்கு?"

நான் அவன் மூச்சிரைக்கும்போது பார்த்துக் கையால் காட்டினேன். அவர் அந்த அகலத்துக்கு நாரைத் தளர்த்தி, நீளம் அதிகமான இடத்தைச் சணலால் இழுத்துத் தைத்தார். குத்துகிற பிசிறுகளை விளக்கில் பொசுக்கினார். காது பக்கம் போகிற கயிற்றுக்குப் பதிலாகத் தன் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து முறுக்கினார். முழுவதும் நல்லெண்ணெய் தடவினார். மூக்கு உரிந்த இடம் அவர் மனதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

படியைப் போலவே வாய்க்கூட்டையும் மடியில் படுக்கவைத்தேன். அடியில் மல்லாட்டை. மூக்கை நீட்டினான், நாரின் வாசனை பட்டதும் எடுத்துக்கொண்டான். நான் அசையவில்லை. சுற்றி வந்தான், உட்கார்ந்தான், கொட்டாவி விட்டான், திரும்ப வந்தான். அன்றைக்கு விளிம்போடு சரி. இன்னொரு நாள் மூக்கு நுழைந்தது. பல நாள் வெறும் மூக்குத்தான். பிறகு உள்ளே இருக்கும்போது ஓட்டை வழியாக விரலால் இன்னும் கொஞ்சம் ஊட்டினேன். பிறகு வேட்டிக் கரை காதைத் தொட்டது, அவ்வளவுதான், எடுத்துவிட்டேன். பிறகு முடிச்சில்லாமல் ஒரு சுற்று. பிறகு ஒரு சுருக்கு. எப்போதும் அவன் தலையை ஆட்டுவதற்கு முன்பே நான் அவிழ்த்துவிடுவேன். ஒரு நாள் அவசரப்பட்டு இறுக்கிவிட்டேன், அவன் பின்வாங்கினான். மறுநாள் திரும்ப விளிம்பிலிருந்து ஆரம்பித்தோம். அவனுக்கு மறதி கிடையாது, ஆனால் கோபமும் கிடையாது.

"கொழந்தைக்குப் பால்சங்கு வெக்கற மாதிரி வெக்கிறா" என்று அத்தை அடுப்படியிலிருந்து சொல்வார். "வயித்துல ஒண்ணு வரட்டும், இந்தப் பொறுமை இருக்குதான்னு பாக்கறன்."

ஆனால் மல்லாட்டை தீர்ந்துபோனால் ஜாடியில் எப்படியோ நிரம்பியிருக்கும்.

வாய்க்கூடு என்றால் மூட்டை வரப்போகிறது என்று மட்டும் அவன் நினைத்துவிடக்கூடாது என்று எனக்குக் கவலை. ஆகவே அதை மாட்டினால் ஆற்றங்கரை என்று வைத்தோம். விடிகிற நேரத்தில், கடை திறக்கும் முன். புதிதாகக் கல்யாணமானவர்கள் சேர்ந்தாற்போல் வெளியே நடக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. கோயிலுக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னால், நான் பின்னால். ஆனால் நாயைப் பழக்குகிறவர்கள் எப்படிப் போனால் என்ன? அவன் நடுவில் நடந்தான். ஆகவே இரண்டு பக்கமும் நாங்கள் நடக்கவேண்டியிருந்தது.

சங்கராபரணி ஆற்றில் மார்கழித் தண்ணீர் மணலைத் தொட்டும் தொடாமலும் போகும். பனி ஆற்றின்மேல் ஒரு முழ உயரத்தில் தங்கியிருக்கும். வாய்க்கூட்டோடு அவன் அதற்குள் ஓடி மறைவான், கொக்குகள் எழும்பும், திரும்பி வருவான், நாக்கு கூட்டுக்குள் தாராளமாகத் தொங்கும். அப்படியே தண்ணீரில் முகத்தை வைத்துக் குடிப்பான். நார் வழியாகத் தண்ணீர் ஒழுகும். எனக்குப் பேச வந்ததெல்லாம் அங்கே வந்தது. எங்கள் ஊர் வாய்க்கால் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் அப்பா இறந்த அன்று கடையைச் சாத்தாமல் யாரோ ஒரு கிலோ வெல்லம் கேட்டதற்குத் தானே நிறுத்துக் கொடுத்ததைச் சொன்னார். தெருவிலிருந்தபோது அவர் குரல் அப்படி இருந்ததில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த மனிதர் ஆற்றங்கரையில் தொடங்குகிறவர்தான்.

மிச்சமிருந்தது மூட்டை.

அதற்கு மூட்டைக்காரரே ஒத்துக்கொண்டார். எனக்காக இல்லை, நாய்க்காக. கெடு முடிந்த பிறகும் அவர் காலையில் வருவதை நிறுத்தவில்லை. கேட்டால், "பழகிப்போச்சி தங்கச்சி, அவன் தண்ணி குடிக்கறதப் பாக்கலன்னா எனக்கு வேல ஓடல" என்பார். அவர் வெறும் கோணி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் நின்றார். நாய் வாய்க்கூட்டோடு என் பக்கத்தில். உடம்பு விறைத்தது. நான் ஒரு விரல் மல்லாட்டை ஊட்டினேன். கோணி அப்படியே நின்றது. விறைப்பு இறங்கியது. கோணி திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான் அன்றைக்கு.

ஒவ்வொரு நாளும் கோணி கொஞ்சம் கிட்ட வந்தது. ஒருநாள் கோணிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு எதையோ போட்டது. நாய் கூட்டுக்குள்ளிருந்து நாக்கை நீட்டி அதை மணலோடு சேர்த்து நக்கியது.

அன்று சாயங்காலம் அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்கட்டெல்லாம் சுற்றினார்.

"இன்னாது இது? கருவாட்டு நாத்தம்! எங்க வூட்டுல கவுச்சியே பொழங்கமாட்டமே!"

மூட்டைக்காரர் முகத்தை ஒன்றும் அறியாதவர் போல வைத்துக்கொண்டார். "பக்கத்து வூட்டுலேந்து வருது போலக் கீது பெரிம்மா."

"பக்கத்து வூட்டுல கீறவன் பூசாரிடா!"

அவர் முண்டாசில் நெத்திலிக் கருவாடு முடிந்து வைத்திருந்தார். எங்கள் சைவச் சோறு தின்று வந்த என் நாய்க்குப் பண்டசோழநல்லூர் திரும்ப வந்தது போலிருந்திருக்கும். முகமில்லாத பாறையிலிருந்து கருவாடு விழுந்தால் எந்த நாய்க்குத்தான் பாறை பிடிக்காமல் போகும்? கோணிக்குள் உமி நிரப்பி வந்தார், அப்புறம் தவிடு. அவன் பக்கத்திலேயே வந்து நின்ற நாளில் மூட்டைக்குக் கீழேயிருந்து அவர் குரல் கொடுத்தார்: "டேய், நான்தான்டா." நாய் குனிந்து, அந்த இருட்டுக்குள் அண்ணாந்து பார்த்தது. வால் மெதுவாக ஆடியது. அன்றைக்குத்தான் அவனுக்கு இரண்டு பேரும் ஒருவர் என்று தெரிந்திருக்கவேண்டும்.

தை பிறந்தது. புது அரிசி மண்ணாடிப்பட்டு மில்லிலிருந்து வந்தது. வண்டியோடு மில்காரரும் வந்துவிட்டார். புதுச்சங்கிலி ஒன்று வண்டியின் ஓரத்தில் பளபளவென்று கிடந்தது. அத்தை அவரை வரச்சொல்லியிருந்தாரா, அவராக வந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் இல்லை.

நான் வாய்க்கூட்டைக் கையில் எடுத்தேன். அவன் தானாக வந்து மூக்கை நுழைத்தான். முடிச்சை நான்தான் இரண்டு முறை தப்பாகப் போட்டு அவிழ்த்துக் கட்டினேன். கிடங்கு வாசலில் அவனை உட்காரவைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். முதல் மூட்டை வந்தது. உண்மையான மூட்டை, அரிசி கனம், நடையே வேறு, பூமி அதிர்கிற நடை. அவன் தோல் என் கைக்குக் கீழே ஒரு முறை ஓடி நின்றது. மூட்டை எங்களைக் கடந்து உள்ளே போனது. 'பொத்' என்று விழுந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தபோது அவன் படுத்துக்கொண்டான். வெயில் ஏறி, கடைசி மூட்டை இறங்குவதற்குள் அவன் தூங்கியேவிட்டான், கூட்டுக்குள் ஒரு பக்கமாக நாக்கு வழிய.

மூட்டைக்காரர் முதுகைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் குந்தினார். வடு இருந்த காலை நீட்டினார்.

"அவுத்து வுடுறன் தங்கச்சி."

"வேணாம் ணே."

"வேணாம்பா" என்று அத்தையும் சொன்னார், கல்லாவை விட்டு எழுந்து வந்து. "வாய்க்கூட்டோட நின்னதே போதும். திரும்பப் புடுங்கினா பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் நடக்கறது?"

"நான்தான் நடக்கணும், நீயா நடக்கப்போற பெரிம்மா?"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். வேட்டிக் கரை அவிழ்ந்தது. வாய்க்கூட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். அவருடைய இரண்டு கையும் நாயின் வாய்க்குப் பக்கத்தில் வெறுமனே இருந்தன. மில்காரர் வண்டியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தராசை வைத்துவிட்டு வாசல்படியில் வந்து நின்றார்.

நாய் எழுந்து முகத்தை உதறியது. ஒரு பெரிய தும்மல். பிறகு வாய் கிழிய ஒரு கொட்டாவி, பல்லெல்லாம் தெரிய. அந்தப் பல்வரிசையை அவர் நிதானமாகப் பார்த்தார். வாய் மூடியது. அவன் மூட்டைக்காரரின் முழங்காலில் முன்னங்காலை ஊன்றி ஏறி, முண்டாசை மோந்தான், அது இன்றைக்குக் காலி என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு இறங்கி, அவர் கெண்டைக்கால்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான்.



"பெரிம்மா" என்றார் மூட்டைக்காரர், காலை அசைக்காமல். "மில்லுக்காரருகிட்ட சொல்லிடு, வேற நாயி பாத்துக்கச் சொல்லு. இவன் போனா நான் யாருக்குக் கருவாடு எடுத்தாறது?"

"நீதானாடா அது!" என்றார் அத்தை.

மில்காரர் சிரித்தார். சங்கிலியை எடுத்து வண்டியின் உள்பக்கமாகப் போட்டார். அத்தை அவரை வழியனுப்பக்கூட இல்லை. தன் பிள்ளையைப் பார்த்து, "கடையில ஆள் நிக்கிறாங்க, போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னாடி பாத்துக்கினே நிக்கிற? எவ்ளோ நேரமா வெயில்ல கெடக்குறான். நாக்கு வறண்டு போச்சி பாரு. போய்த் தண்ணி கொண்டா."

போனேன். கிணற்றில் வாளியை இறக்கினேன். தண்ணீர் மேலே வருவதற்குள் எனக்கு எதிரே கயிறும் வானமும் கலங்கிப்போயின. முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டி நிறைய எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் படுத்தபடியே குடித்தான், தாடையை அந்தக் காலிலிருந்து முழுக்க எடுக்காமல், பாதி தண்ணீர் அவர் கால்மேல் சிந்த.